சுவருக்கும் மீசை உண்டு

ஆணி அடிக்கக் கூடாது என்பது வாடகை ஒப்பந்தத்தின் 14ஆவது ஷரத்து. லண்டனுக்கு வடமேற்கே ஹாரோ பக்கம் குடியிருக்கும் என் கல்லூரித் தோழனுக்கு அது மனப்பாடம். சாமி படங்களையே அலமாரித் தட்டில் சாய்த்து நிறுத்தித்தான் ஆறு வருடமாகக் கும்பிட்டு வருகிறான். அப்பேர்ப்பட்டவன் ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய சாமான் சந்தையில் 15 பவுண்டு கொடுத்து ஒரு படத்தை வாங்கி வந்து, ஜன்னலைச் சாத்திவிட்டு, கழிவறைச் சுவரில் ஆணி அடித்து மாட்டிவிட்டான். முருகனுக்குக் கிடைக்காத ஆணி.

நான் அவன் வீட்டுக்குப் போனபோது அந்தப் படத்தைப் பார்க்காமல் இருக்க வழியில்லை. உட்கார்ந்தால் நேர் எதிரே இருக்கிறது. கும்மிருட்டு. நாலாபக்கமும் குண்டு வெடிக்கிறது. ஒரு சேற்றுக் குழியிலிருந்து இரண்டு தலைகள் மட்டும் எட்டிப் பார்க்கின்றன. ஒருவருக்கு வாயை முழுசாக மூடிய தொங்கு மீசை. பக்கத்தில் இருப்பவன் குழியைப் பற்றி ஏதோ குறை சொல்லியிருப்பான் போலிருக்கிறது. இதைவிட வசதியான குழி எங்கேயாவது தெரிந்தால் தாராளமாகப் போய்க்கொள்ளலாம் என்கிறார் மீசைக்காரர். அவ்வளவுதான் படம். லண்டனில் வாடகை வீடு தேடி அலைந்த எவனும் அதை வாங்காமல் கடையைத் தாண்டி வரமாட்டான்.

“நீங்களாவது கேளுங்கண்ணா. எந்த ஊர்லயாவது குழியில கெடக்குற ஆளைக் காசு குடுத்து வாங்கி மாட்டுவாங்களா?” என்றார் தோழனின் மனைவி.

மாட்டுவார்கள். அந்த ஊரில் அதுதான் வழக்கம். பட்டம் வாங்கிய படம், கிரிக்கெட் டீம் போட்டோ, பழைய கார்ட்டூன் இவையெல்லாம் கழிவறைக்குப் போகும். நம்மூரில் முன்ஹாலில் மாட்டிப் பெருமைப்படும் சங்கதியை வெள்ளைக்காரன் கழிவறையில் மாட்டி அடக்கமாகப் பெருமைப்படுவான். விருந்தாளி எப்படியும் ஒருமுறை உள்ளே போய்த்தானே ஆகவேண்டும்.

ஆனால் அந்த மீசைக்காரர் சுவருக்கு வந்த கதை வேறு. அவர் பிறந்ததே சுவரில்தான்.

வரைந்தவர் பெயர் புரூஸ் பெயர்ன்ஸ்ஃபாதர். 1887இல் மரீ என்ற மலையூரில் பிறந்தவர். அன்றைக்கு அது பிரிட்டிஷ் இந்தியா, இன்றைக்குப் பாகிஸ்தான். ஆகவே ‘நம்ம ஊர்ப் பையன்’ என்று பேனர் வைக்க முடியாது. அப்பா பட்டாளத்து அதிகாரி. பையனை இங்கிலாந்துக்கு அனுப்பிப் படிக்கவைத்தார்கள். சாண்ட்ஹர்ஸ்ட், உல்விச் என்ற இரண்டு ராணுவக் கல்லூரிகளின் நுழைவுத் தேர்வையும் எழுதி, இரண்டிலும் ஃபெயிலானார். எப்படியோ ஒரு படைப்பிரிவில் ஒட்டிக்கொண்டு, அதுவும் பிடிக்காமல் விலகி, ஓவியப் பள்ளியில் சேர்ந்தார். ஓவியம் சோறு போடவில்லை. லிப்டன் டீக்கு விளம்பரப் படம் போட்டார். கடைசியில் மின்சாரப் பொறியாளர் வேலைக்குப் போய்ச் சேர்ந்தார். பகலில் இன்ஜினீயர், மனசுக்குள் கார்ட்டூனிஸ்ட் என்று நம்மிடையே லட்சம் பேர் உலவுகிறார்களே, அந்தச் சங்கத்தின் ஆயுள்கால உறுப்பினர் இவர்.

1914இல் போர் வந்தது. ராணுவத் தேர்வில் தோற்றவரை ராணுவமே கூப்பிட்டு அதிகாரியாக்கியது. போர் வந்துவிட்டால் கட்-ஆஃப் மார்க் தானாக இறங்கும். ராயல் வார்விக்‌ஷயர் படைப்பிரிவில் இயந்திரத் துப்பாக்கிக் குழுவுக்குத் தலைவராகி, பெல்ஜியத்தில் ப்ளூக்ஸ்டேர்ட் என்ற காட்டோரம் போய்ச் சேற்றில் இறங்கினார். அந்தப் பெயர் வாயில் நுழையாத பிரிட்டிஷ் சிப்பாய்கள் அதைப் ‘பிளக் ஸ்ட்ரீட்’ ஆக்கினார்கள். ஈப்ர் என்ற நகரம் ‘வைப்பர்ஸ்’ ஆனது. திருவல்லிக்கேணியை டிரிப்ளிகேன் ஆக்கிய அதே கைவரிசை. நம்மை மட்டும்தான் கொலை செய்தார்கள் என்று இனி யாரும் வருத்தப்பட வேண்டாம்.

அந்த வருடம் கிறிஸ்துமஸுக்கு இரண்டு பக்கமும் சிப்பாய்கள் குழியைவிட்டு எழுந்து வந்து கைகுலுக்கிக்கொண்ட சம்பவம் நடந்ததே, அதில் நம் ஆள் நேரடி சாட்சி. ஜெர்மன் அதிகாரி ஒருவரின் கோட்டுப் பித்தான் மீது இவருக்கு ஆசை வந்துவிட்டது. கம்பி வெட்டும் கத்தரியால் இரண்டைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு, பதிலுக்குத் தன்னுடையதில் இரண்டைக் கொடுத்தார். பக்கத்தில் இவருடைய இயந்திரத் துப்பாக்கிக்காரர் ஒருவர், ஊரில் பொழுதுபோக்குக்கு முடிதிருத்துபவராம், ஒரு ஜெர்மானியனை மண்டியிட வைத்து முடி வெட்டிக்கொண்டிருந்தார். நேற்று வரை அந்தத் தலைக்குத்தான் குறிவைத்தார்கள். இன்றைக்கு அதே தலையை அந்தப் பக்கம் திரும்பு, இந்தப் பக்கம் குனி என்கிறார்கள். இதையெல்லாம் பார்த்தவன் அதற்கப்புறம் போரைக் கம்பீரமாக வரைய முடியாது. தளபதிகள் கவனித்திருக்க வேண்டியது அதை.

செயின்ட் ஈவோன் என்ற சிற்றூரில் குண்டடி பட்டுப் பாதி நின்ற ஒரு குடிசை வீடுதான் அவருக்குத் தங்குமிடம். பகலில் வெளியே தலைகாட்டினால் சுட்டுவிடுவான். புத்தகம் இல்லை, சீட்டுக்கட்டு சலித்துவிட்டது. இருந்தது வெள்ளைச் சுவர் ஒன்று, அடுப்பில் கரி. வீட்டுக்காரர் ஊரைவிட்டு ஓடிப்போயிருந்ததால் 14ஆவது ஷரத்துத் தொல்லையும் இல்லை. கிறுக்க ஆரம்பித்தார். சேறு படிந்த சட்டை, முறைத்த முழி, தொங்கு மீசை. கூட இருந்தவர்கள் தங்களையே சுவரில் பார்த்துச் சிரித்தார்கள். இன்றைக்கு ‘விண்டேஜ் வால் ஆர்ட்’ என்று இணையக் கடைகள் விற்கிற சரக்கின் மூலப்பிரதி, இடிந்த சுவரில் கரியால் போட்டது. அந்தச் சுவர் போய்விட்டது. இப்போது அந்த இடத்தில் ஒரு நினைவுப் பலகை மாட்டியிருக்கிறார்கள்.

சுவரில் போட்டதைக் காகிதத்திலும் போட்டு ‘தி பைஸ்டாண்டர்’ என்ற லண்டன் வாரப் பத்திரிகைக்கு அனுப்பினார். வெளியே ஒரு குண்டு விழுகிறது, உள்ளே குப்புற விழுந்த சிப்பாய்கள் அது எங்கே போய் விழுந்தது என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்கிறார்கள் என்பது படம். 1915 மார்ச்சில் அச்சானது. அடுத்த மாதமே ஈப்ரில் ஒரு குண்டு, எங்கே விழுந்தது என்று கேட்கத் தேவையில்லாத தூரத்தில், இவர் பக்கத்திலேயே விழுந்தது. காது பாதிக்கப்பட்டு, நரம்பு தளர்ந்து, லண்டன் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தார். பத்திரிகைக்காரர்கள் விடவில்லை. வாராவாரம் படம் வேண்டும் என்றார்கள். தோழன் வீட்டுக் கழிவறைப் படம் 1915 நவம்பரில் வந்தது. மீசைக்காரருக்கு ‘ஓல்ட் பில்’ என்று பெயர். நம் பாஷையில் ‘பெருசு’.

பெருசு வந்த பிறகு இங்கிலாந்தில் பெரிய மனிதர்களுக்குத் தூக்கம் போயிற்று. ஆள்சேர்ப்புச் சுவரொட்டிகளில் சிப்பாய் என்றால் மழித்த கன்னம், நிமிர்ந்த நெஞ்சு, மின்னும் பூட்ஸ். இங்கேயோ முக்கால் கிழவர், தலையைச் சுற்றிக் கம்பளிக் குல்லா, நாலு நாள் தாடி, ஜாம் டப்பாவைப் பார்த்து ஒரு பெருமூச்சு. நம் வீரர்களை இப்படிக் கொச்சைப்படுத்துவதா என்று நாடாளுமன்றம் வரைக்கும் குரல் எழுந்தது. கொச்சைப்படுத்தப்பட்டதாகச் சொல்லப்பட்டவர்களோ பத்திரிகையிலிருந்து அந்தப் பக்கத்தைக் கிழித்துப் பதுங்குகுழிச் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். பக்கத்திலேயே கிர்ஷ்னர் என்ற ஓவியர் வரைந்த அரைகுறை ஆடை அழகிகளும் ஒட்டப்பட்டிருப்பார்கள். ஒரு பக்கம் அழகி, ஒரு பக்கம் பெருசு, நடுவில் சிப்பாய். அந்தச் சுவர்தான் முதல் உலகப் போர் பற்றி எழுதப்பட்ட நேர்மையான வரலாறு என்பேன்.

இரண்டு படங்களைச் சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை. முதலாவது ஜாம் படம். 1915 செப்டம்பரில் லூஸ் என்ற இடத்தில் பெரும் சண்டை. ஒரு கர்னல் கிடுகிடுக்கும் பதுங்கறையில் உட்கார்ந்திருக்கிறார். தலைமையகத்திலிருந்து அவசரத் தகவல் வருகிறது. போன வெள்ளிக்கிழமை உங்களுக்கு வழங்கப்பட்ட ராஸ்பெரி ஜாம் டப்பாக்கள் எத்தனை என்று உடனே தெரியப்படுத்தவும். உலகத்தில் எந்த நாட்டுக்காரனும் பொழிப்புரை இல்லாமல் சிரிக்கக்கூடிய கார்ட்டூன் இது. தாலுகா ஆபீஸ் வாசலில் நின்ற அனுபவம் உள்ளவனுக்கு அது கார்ட்டூனே இல்லை, ஆவணம். இதில் இன்னொரு வயிற்றெரிச்சலும் உண்டு. சாதாரணச் சிப்பாய்க்கு ராஸ்பெரி ஜாம் கண்ணிலேயே படாது. பிளம்மும் ஆப்பிளும் கலந்த ஜாம்தான் வந்துகொண்டே இருக்கும். நம் விடுதிச் சாம்பாரில் வருடம் முழுக்கப் பூசணிக்காய் மிதக்குமே, அதுபோல. ஸ்ட்ராபெரி ஜாம் எப்பத்தான் வரும் என்று சிப்பாய்கள் ஏங்குவதைப் பெயர்ன்ஸ்ஃபாதர் தனியாக ஒரு படமாகவே போட்டார்.

இரண்டாவது, எலிப் படம். ஒரு வீட்டுச் சுவரில் யானை நுழைகிற அளவுக்கு ஓட்டை. பீரங்கிக் குண்டு போட்டது. முன்னால் இரண்டு சிப்பாய்கள். புதிதாக வந்த வாயாடி ஒருவன் அந்த ஓட்டையை யார் போட்டது என்று கேட்கிறான். சலித்துப்போன பழைய ஆசாமி ஒரே ஒரு வார்த்தையில் பதில் சொல்கிறான்: எலி. நான் தோழனுக்கு இந்தப் படத்தை விவரித்தபோது அவன் கழிவறை வாசலிலேயே உட்கார்ந்து சிரித்தான்.

சிரிப்பை அடக்க முடியாதபோது அரசாங்கங்கள் செய்வது ஒன்றே. அதற்குச் சம்பளம் கொடுத்து உள்ளே எடுத்துக்கொள்ளும். போர் அலுவலகம் பெயர்ன்ஸ்ஃபாதரை அதிகாரபூர்வக் கார்ட்டூன் அதிகாரி ஆக்கியது. பிரெஞ்சுக்காரன் எங்களுக்கும் ஒரு பெருசு வேண்டும் என்றான், இத்தாலிக்காரன் கேட்டான், பின்னால் அமெரிக்கனும் கேட்டான். நேற்று வரை கொச்சை, இன்று முதல் ஏற்றுமதி.

வியாபாரிகள் அதற்கு முன்பே விழித்துக்கொண்டார்கள். தபால் அட்டை, துண்டுப் படங்களை இணைக்கும் புதிர்ப் பெட்டி என்று பெருசு வீடுவீடாக நுழைந்தார். ஸ்டஃபோர்ட்ஷயரில் கிரிம்வேட்ஸ் என்ற பீங்கான் கம்பெனி 1917இல் அவர் படம் போட்ட தட்டு, கோப்பை, ஜாடி எல்லாம் செய்தது. பையன்கள் பதுங்குகுழியில் இருந்த காலத்தில் பெண்கள் செய்த சாமான் என்று அடியில் முத்திரை வேறு. சுவரில் மாட்டும் தட்டு! அந்தப் பக்கம் நிஜமான பெருசுகள் குழியில் கிடக்கும்போதே இந்தப் பக்கம் அவர்கள் ஷோகேஸில் ஏறிவிட்டார்கள். ஆகவே போர்க் கார்ட்டூன் வீட்டு அலங்காரமானது இந்தக் காலத்து இணையக் கடைகளின் பாவம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நாடகமும் வந்தது, லண்டனில் எண்ணூறு காட்சிகளைத் தாண்டியது. 1926இல் ஹாலிவுட்டில் வார்னர் பிரதர்ஸ் படமெடுத்தபோது பெருசாக நடித்தவர் சிட் சாப்ளின். சார்லி சாப்ளினின் அண்ணன்.

அதே போரின் தொடக்கத்தில் சென்னையிலும் குண்டு விழுந்தது. 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் வந்து எண்ணெய்க் கிடங்கைக் கொளுத்திவிட்டுப் போனது. நாம் அதைப் படமாக வரைந்து பீங்கான் தட்டில் ஏற்றவில்லை. ‘அவன் சரியான எம்டன்’ என்று பாஷையில் ஏற்றிவிட்டோம். ஆணி வேண்டாம், பிரேம் வேண்டாம், வீட்டுக்காரர் ஆட்சேபிக்க முடியாது. குண்டு விழுந்த இடம் என்று ஹைகோர்ட் மதிலில் ஒரு கல்வெட்டு உண்டு. அதை நின்று படித்தவர்களைவிட மாமனாரை எம்டன் என்று திட்டியவர்களே அதிகம்.

இரண்டாம் உலகப் போருக்கு வருவோம். 1939இல் பிரிட்டிஷ் அரசு தகவல் அமைச்சகம் என்று ஒன்றைத் திறந்தது. அதற்கு முதலில் தோன்றிய யோசனை, மக்களுக்குத் தைரியம் சொல்லும் சுவரொட்டி. சிவப்புத் தாள், மேலே கிரீடம், கீழே பெரிய எழுத்தில் உபதேசம். ஒன்றின் சாரம் இது: உங்கள் தைரியமும் உற்சாகமும் உறுதியும் வெற்றியைக் கொண்டுவந்து சேர்க்கும். யாருக்குச் சேர்க்கும் என்பதில்தான் வந்தது வினை. ஆங்கிலத்தில் ‘நமக்கு’, ‘எங்களுக்கு’ இரண்டுக்கும் ஒரே சொல். அமைச்சகம் நினைத்தது நமக்கு. மக்கள் படித்தது எங்களுக்கு. தைரியம் நீ காட்டு, வெற்றி நாங்கள் வாங்கிக்கொள்கிறோம் என்று துரைமார் சொல்வதாகவே பட்டது. தமிழில் அடித்திருந்தால் ஒரு பேரரசின் மானம் பிழைத்திருக்கும்.

அதே வரிசையில் இன்னொன்றை 24.5 லட்சம் பிரதி அடித்துக் கட்டிவைத்தார்கள். அமைதியாக இருங்கள், வேலையைப் பாருங்கள் என்பது சேதி. பெரிய குண்டுவீச்சு வந்தால் ஒட்டலாம் என்று காத்திருந்தார்கள். முந்தைய சுவரொட்டிக்குக் கிடைத்த வசவைப் பார்த்துத் துணிச்சல் வரவில்லை. குண்டுவீச்சு வந்தது. சுவரொட்டி வரவில்லை. 1940இல் காகிதப் பஞ்சம் என்று பெரும்பகுதியைக் கூழாக்கிவிட்டார்கள். குண்டுகளுக்கு நடுவே அமைதியாக இருந்து தங்கள் வேலையைப் பார்த்த லண்டன்காரர்களில் அநேகமாக யாரும் அந்த வாசகத்தைக் கண்ணால் கண்டதில்லை.

அமைச்சகம் அதோடும் திருந்தவில்லை. 1940 ஜூலையில், ஊரில் யாரும் அவநம்பிக்கையாகப் பேசக் கூடாது என்று ஓர் இயக்கம் தொடங்கியது. டீக்கடையில் ‘ஜெயிப்பமான்னு தெரியலப்பா’ என்றவன்மேல்கூடக் கேஸ். கூச்சல் கிளம்பி, கடைசியில் சர்ச்சிலே அதைக் கைகழுவினார்.

இந்த அமளிக்கு நடுவில் ஓர் ஆள் காசு வாங்காமல் வந்து நின்றார். சிரில் கென்னத் பேர்ட். பெயர்ன்ஸ்ஃபாதர் போலவே இவரும் 1887இல் பிறந்தவர், இவரும் இன்ஜினீயர், இவரும் 1915இல் அடிபட்டவர். கலிப்போலியில் ஒரு குண்டு முதுகெலும்பை நொறுக்கிவிட்டது. வருடக்கணக்கில் படுக்கை. படுத்தபடியே தபால் வழியில் ஓவியம் கற்றார். ‘பஞ்ச்’ பத்திரிகைக்கு வரையப் போனால் அங்கே ஏற்கனவே இன்னொருவர் பேர்ட் என்ற புனைபெயரில் வரைந்துகொண்டிருந்தார். கவிஞர் யேட்ஸின் தம்பி ஜாக். அதனால் இவர் ‘ஃபூகாஸ்’ என்று வைத்துக்கொண்டார். அது மண்ணில் புதைக்கும் ஒருவகை வெடியின் பெயர். வெடித்தாலும் வெடிக்கும், புஸ்ஸென்று போனாலும் போகும். நமத்த லட்சுமி வெடி என்று ஒரு ஹாஸ்ய எழுத்தாளர் பெயர் வைத்துக்கொண்டதற்குச் சமம்.

அநாவசியப் பேச்சு உயிரைக் குடிக்கும் என்பதை மக்களுக்குச் சொல்ல வேண்டும். இதை ஃபூகாஸிடம் கொடுத்தார்கள். 1940இல் எட்டுச் சுவரொட்டிகள் போட்டார். பஸ்ஸில் இரண்டு பெண்கள் கதை பேசுகிறார்கள், பின் சீட்டில் ஹிட்லரும் கோரிங்கும் காதைத் தீட்டிக்கொண்டு பயணம் செய்கிறார்கள். விருந்து மேஜையில் ரகசியம் பேசுகிறார்கள், மேஜைக்கு அடியில் ஹிட்லர் உட்கார்ந்திருக்கிறான். எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது சுவர்க் காகிதப் படம். இருவர் பேசிக்கொண்டிருக்கிறார்கள். சுற்றிலும் சுவரில் ஒட்டிய பூப்போட்ட காகிதம். உற்றுப் பார்த்தால் பூ இல்லை, வரிசை வரிசையாக ஹிட்லர் முகம். சின்ன மீசை, சரிந்த கிராப்பு, விடைத்த காது. சுவருக்கும் காது உண்டு என்ற பழமொழி ஆங்கிலத்திலும் உண்டு. ‘பகலில் பக்கம் பார்த்துப் பேசு, ராத்திரியில் அதுவும் பேசாதே’ என்ற நம் பழமொழி ஃபூகாஸுக்குத் தெரிந்திருந்தால் ஒன்பதாவது சுவரொட்டி கிடைத்திருக்கும்.

இதில் மிரட்டல் இல்லை, கிரீடம் இல்லை. வாயைத் திறந்து பேசும் நம் அசட்டுத்தனத்தைப் பார்த்து நாமே சிரிக்கிறோம், சிரித்துக்கொண்டே வாயை மூடுகிறோம். முதுகெலும்பு நொறுங்கியவர் போட்ட கோடுகள்தான் அமைச்சகத்தின் முதுகெலும்பை நிமிர்த்தின. போர் முடிந்து 1949இல் அவர் ‘பஞ்ச்’ ஆசிரியரே ஆனார். அந்த நாற்காலியில் உட்கார்ந்த ஒரே கார்ட்டூனிஸ்ட்.

பெயர்ன்ஸ்ஃபாதர் என்னவானார் என்று கேட்பீர்கள். இரண்டாம் போரில் அவருடைய சொந்த நாடு அவரைத் தேடவில்லை. அமெரிக்கப் படை கூப்பிட்டு ஐரோப்பாவில் தன் கார்ட்டூனிஸ்ட் ஆக்கிக்கொண்டது. குடிசைச் சுவரில் தொடங்கியவர் அமெரிக்கக் குண்டுவிமானங்களின் மூக்கில் படம் வரைந்தார். பறக்கும் சுவர். 1959இல் இறந்தார். சர் பட்டம் எதுவும் வரவில்லை. ஜாம் டப்பாக் கணக்கை அவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

எல்லாப் போர்க் கார்ட்டூனும் சுவரேறிவிடும் என்று நினைத்துவிட வேண்டாம். 1942 மார்ச்சில் ‘டெய்லி மிரர்’ பத்திரிகையில் ஃபிலிப் ஸெக் ஒரு படம் போட்டார். கப்பல் மூழ்கிய மாலுமி ஒருவன் நடுக்கடலில் ஒரு மரத்துண்டைப் பிடித்துக்கொண்டு கிடக்கிறான். கீழே, பெட்ரோல் விலை ஒரு பென்னி ஏறியிருக்கிறது என்ற செய்தி. பெட்ரோலை வீணாக்காதீர்கள், அது உயிரைக் கொடுத்து வருகிறது என்றுதான் ஸெக் சொல்ல நினைத்தார். சர்ச்சிலுக்கோ, மாலுமிகளின் சாவில் கம்பெனிகள் லாபம் பார்க்கின்றன என்று அது சொல்வதாகப் பட்டது. உள்துறை அமைச்சர் பத்திரிகையையே மூடிவிடுவேன் என்றார். உளவுத்துறை ஸெக்கின் ஜாதகத்தைத் தோண்டியது. தோண்டியதில் ஒன்றும் கிடைக்கவில்லை. இந்தப் படத்தைப் பழைய சாமான் சந்தையில் பிரேம் போட்டு நான் பார்த்ததே இல்லை. கழிவறையில் மாட்டினால் உட்கார்ந்தவன் எழுந்து வந்துவிடுவான். குழியில் இருக்கும் பெருசு நம்மைப் பார்த்துப் பேசுகிறார். அந்த மாலுமி பேசுவதில்லை.

அமெரிக்கப் படையில் பில் மால்டின் என்ற கார்ட்டூனிஸ்டுக்கும் இதே பஞ்சாயத்து நடந்தது. அவருடைய வில்லி, ஜோ என்ற இரண்டு அழுக்குச் சிப்பாய்களைப் பார்த்து ஜெனரல் பேட்டன் கொதித்துப்போய், 1945இல் ஆளைக் கூப்பிட்டு டோஸ் விட்டார். அவருடைய வருத்தம் முக்கியமாக முகச்சவரம் பற்றியது. மால்டின் சவரக்கத்தியைக் கொடுக்கவில்லை. அதே வருடம் 23 வயதில் புலிட்சர் பரிசு வாங்கினார்.

2000இல் நடந்ததுதான் கூத்து. இங்கிலாந்தின் வடக்கே ஆனிக் என்ற ஊரில், பழைய ரயில் நிலையக் கட்டடத்தில் ஒரு பழைய புத்தகக் கடை. ஏலத்தில் எடுத்த புத்தகப் பெட்டியின் அடியில் மடித்த காகிதம் ஒன்று கிடந்தது. பிரித்தால் சிவப்புத் தாள், கிரீடம், அமைதியாக இருங்கள், வேலையைப் பாருங்கள். கூழாகாமல் தப்பிப் பிழைத்த ஒன்று. பிரேம் போட்டுக் கடையில் மாட்டினார்கள். வந்தவர்களெல்லாம் விலைக்குக் கேட்டார்கள். நகலெடுத்து விற்றார்கள். அதற்கப்புறம் டீக்கோப்பை, தலையணை உறை, டீ-ஷர்ட், மிதியடி. யாரும் பார்க்காத சுவரொட்டி, போர்க்கால பிரிட்டனின் அடையாளமாகிவிட்டது. ஒருமுறைகூட ரிலீஸ் ஆகாத படத்துக்கு அறுபது வருடம் கழித்து நூறாவது நாள் விழா.

யோசித்தால் அந்த வியாபாரம் நியாயம்தான். இன்றைக்கு அதை வாங்குகிறவன் அரசாங்க உபதேசம் என்று நினைத்து வாங்குவதில்லை. பழைய ஆசாமிகள் கார்ட்டூன் போட்டு வளர்த்த கிண்டல் தொனியில்தான் படிக்கிறான். அமைச்சகம் 1939இல் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு சொன்னதைப் பெருசின் மீசைக்கடியிலிருந்து வருவதாக நினைத்துக்கொண்டால் சிரிப்பு வருகிறது. இப்போது எல்லாம் ஒரே கடையில், ஒரே ரேக்கில். சிவப்புக் கிரீடத்தின் பக்கத்தில் ஃபூகாஸின் ஹிட்லர் பூக்கள், அதன் பக்கத்தில் குழியில் பெருசு. உளவாளி ஜாக்கிரதை என்று எச்சரித்த சுவர்க் காகிதத்தைத் துவாலையில் அச்சடித்துப் பாத்திரம் துடைக்கிறார்கள். சுவருக்கு இருந்தது காது மட்டுமல்ல, மீசையும்தான் என்று நான் தோழனிடம் சொன்னேன். அவன் அந்தப் படத்தையும் வாங்குவதாக இருந்தான். ஓர் ஆணிக்கே மனசு அடித்துக்கொள்கிறது என்று விட்டுவிட்டான்.

அடித்துக்கொண்டது சரிதான். போன மாதம் போன் வந்தது. வாடகை ஏஜென்ட் அரையாண்டுச் சோதனைக்கு வருகிறாள் என்று தெரிந்ததும், படத்தைக் கழற்றிப் பரணில் போட்டுவிட்டானாம். ஆணியையும் பிடுங்கிவிட்டான். ஓட்டையைப் பிடுங்க முடியவில்லை. பற்பசை வைத்து அடைத்துப் பார்த்திருக்கிறான். பச்சைப் பற்பசை. வந்தவள் நேரே கழிவறைக்குப் போய், சுவரில் விரலை வைத்து, இது யார் போட்ட ஓட்டை என்று கேட்டிருக்கிறாள்.

“என்னடா சொன்னே?”

“நீ சொன்ன ஜோக்குதான் வாயில வந்துச்சு. எலின்னுட்டேன்.”

“சிரிச்சாளா?”

“குறிச்சுக்கிட்டா. வியாழக்கிழமை எலி பிடிக்க ஆள் வருதாம். 85 பவுண்டு.”